ஆளைப் பார்த்து ஆசனம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யோகா தினத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட ஆசனப் படங்கள் தெளிவாக இருந்தன. ஆனால் சிரசாசனத்தின் கீழே பலன்களை மட்டும் அடுக்கிவிட்டு, யார் அதைச் செய்யக் கூடாது என்பதை விட்டுவிட்டீர்கள். தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. கண் நரம்பைக் கெடுக்கும் கிளாகோமா நோய் இருப்பவர்களுக்கு அது பார்வைக்கே ஆபத்து. தனக்கு கிளாகோமா இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் என் பயம். ரத்தக்கொதிப்போ கழுத்தெலும்புத் தேய்மானமோ உள்ளவர்களும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

யோகாவை மருத்துவமாகவே நம்புகிறவள் நான். என் அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு, கூடவே ராத்தூக்கம் கிடையாது. அவருக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியை முதலில் டாக்டர் சீட்டையும் மாத்திரைகளையும் வாங்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை உயர்த்தவும், விட்டுக்கொண்டே இறக்கவும் சொன்னார். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். ஆரம்பப் பாடம் அவ்வளவுதான். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும் என்று காரணத்தையும் விளக்கினார். மாத்திரையை நிறுத்தச் சொல்லவே இல்லை. இப்போது அக்காவுக்குப் படுத்தால் தூக்கம் வருகிறது. முன்பிருந்த படபடப்பும் சிடுசிடுப்பும் குறைந்திருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது.

ஆளைப் பார்த்து ஆசனம் சொல்லும் இந்த முறைக்குச் சென்னையிலேயே நல்ல மரபு உண்டு. யோகா ஆசான் டி. கிருஷ்ணமாச்சாரியார் அப்படித்தான் கற்பித்தார். அவர் பெயரில் மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய ‘யோக மந்திரம்’ என்ற யோகா மையமும் அந்த வழியில் வந்ததுதான். அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு படித்துவிட்டு மருத்துவர்கள் அங்கிருந்து வருகிறார்கள். இப்படிப்பட்டவர்கள் இருக்கும்போது, கல்யாண மண்டபத்தில் கூட்டமாக உட்காரவைத்து, ரத்தக்கொதிப்புக்காரரையும் கர்ப்பிணியையும் ஒரே வேகத்தில், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி செய்யச் சொல்வதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

இனி ஆசனப் படம் போட்டால், தவிர்க்க வேண்டியவர்கள் யார் என்பதையும் பலன்களைப் போட்ட அதே அளவு எழுத்தில் போடுங்கள். எந்தெந்த அரசு மருத்துவமனைகளில் யோகா சிகிச்சை கிடைக்கிறது, எந்த நேரத்தில் போகலாம் என்று மாவட்டவாரியாக விசாரித்து வெளியிட்டால், என்னைப் போன்றவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
மன்னார்குடி