எந்த மேப்பிள்?

ஆசிரியருக்கு,

வீட்டு முன்னால் மேப்பிள் மரம் நடச் சொல்லி எழுதியிருந்தீர்கள், சரி, ஆனால் எந்த மேப்பிள் என்று சொல்லவில்லையே. டொரொண்டோத் தெருக்களில் நிறைய நிற்பது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த நார்வே மேப்பிள். இலைக்காம்பை ஒடித்துப் பாருங்கள், பால் வடிந்தால் பெரும்பாலும் அதுதான். அதன் அடர்ந்த நிழலில் மற்றது லேசில் தழைக்காது, விதையோ காற்றில் பறந்து பள்ளத்தாக்குக் காடுகளுக்குள்ளும் போய் முளைக்கிறது. பாகு காய்ச்சுகிற சர்க்கரை மேப்பிள்தான் இந்த மண்ணின் மரம் (இடம் மட்டும் தாராளமாக வேண்டும்), அதன் கீழே மூன்றிதழ்க் காட்டுப்பூவான வெள்ளை டிரில்லியமும் வரும். 1937 முதல் ஒன்டாரியோ மாகாணத்தின் சின்னப் பூ அது. டிரில்லியத்தின் விதையைப் பெரும்பாலும் எறும்புதான் இழுத்துப் போய்ப் பரப்பும், முளைத்துப் பூக்க ஏழெட்டு வருடமாவது ஆகும். அதனால் தயவுசெய்து காட்டில் பிடுங்காதீர்கள், நர்சரியில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு வாசகர், ஸ்காபரோ