பங்குனி ஆமைகளும் 5 கடல் மைல் விதியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) இறந்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்த அவற்றின் படங்களைப் பார்த்தவர்களுக்கு, அவை நோயால் சாகவில்லை என்பது புரிந்திருக்கும். ஆமைக்கு இருப்பது நுரையீரல். மூச்சுவிட அது மேலே வந்தே ஆகவேண்டும். விசைப்படகின் இழுவை மடி எனும் பை போன்ற வலை நெடுநேரம் கடலடியில் இழுபடும்போது, அதில் சிக்கிய ஆமை வெளியேற வழியின்றி மூச்சடைத்துப் போகிறது.

இதைத் தடுக்கப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. முட்டையிட வரும் ஆமைகள் கூடுவதும் கரையை ஒட்டிய அந்தப் பரப்பில்தான். நீலகிரிக்கு வரும் வண்டிகளைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி, பைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக்கூட எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். குன்னூர்க்காரர்களான நாங்களும் முணுமுணுத்துக்கொண்டே அதற்குப் பழகிவிட்டோம். ஒரு லிட்டர் பாட்டிலுக்காக மலைப்பாதையில் ஆள் நிறுத்தும் அரசு, ஜனவரி முதல் ஏப்ரல் வரையாவது கடலில் ரோந்துப் படகுகளைத் தவறாமல் ஓட்டக்கூடாதா?

ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். மீன்களின் இனப்பெருக்கத்தை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட அத்தடை கிழக்குக் கடற்கரையில் தொடங்குவது ஏப்ரல் 15-ல். அதற்குள் ஆமைகள் பெரும்பாலும் முட்டையிட்டு முடித்திருக்கும்.

பழியை மீனவர் தலையில் மட்டும் சுமத்துவதும் நியாயமாகாது. மடியின் கழுத்துப் பகுதியில் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினால், மீனும் இறாலும் இடுக்கு வழியே உள்ளே போய்விட, ஆமை சட்டத்தில் முட்டித் தனித் திறப்பு வழியே தப்பிவிடும். கூடவே கொஞ்சம் மீன்பாடும் கைநழுவுகிறது என்பது மீனவர்களின் குறை, அதைப் புறந்தள்ள முடியாது. அந்த இழப்பை அரசு ஈடுகட்டட்டும். மலைக்கு வேனில் ஏறிவரும் மீனை வாங்கும் எங்களைப் போன்றோர் கிலோவுக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்தால் குறைந்துவிட மாட்டோம். ஆமை தப்பும் அமைப்பு இல்லாத காரணத்தால் நம் கடலில் பிடிக்கும் இறாலை 2019-லேயே அமெரிக்கா வேண்டாம் என்று ஒதுக்கிய நிலையில், இந்தச் செலவைத் தருமக் கணக்கில் எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

எந்தத் துறைமுகத்தில் எத்தனை படகுகள் விதிமீறிப் பிடிபட்டன, எவ்வளவு அபராதம் வசூலானது என்ற விவரத்தை, முட்டையிடும் பருவம் முழுவதும் மீன்வளத்துறை மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.