எலி கடித்த குழாய்க்கு டர்போ என்ன செய்யும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சொகுசு எஸ்.யூ.வி. பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டீசல் வண்டியில் இழுவை குறைந்தால் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) தேய்ந்துவிட்டது என்று பொருள், தயங்காமல் மாற்றிவிட வேண்டும் என்று எழுதியிருந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அந்த ஆலோசனையைக் கேட்டிருந்தால் எனக்கு இரண்டரை லட்ச ரூபாய் போயிருக்கும். பழுது இருந்ததோ நான்கு அங்குல நீள ரப்பர் குழாயில்.

நான் கல்லிடைக்குறிச்சியில் நெல் வியாபாரம் செய்கிறவன். வண்டி என் மகன் வாங்கியது. அவன் வேலைக்கு வெளிநாடு போனபோது என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனான். களத்துக்குப் பக்கத்தில், வைக்கோல் படப்பை ஒட்டிய கொட்டகையில் அதை நிறுத்திவைத்திருந்தேன். வாரத்துக்கு இரண்டு நாள் எடுத்தால் பெரிது.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கத்தில் அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போவது வழக்கம். எங்களுக்குச் சொரிமுத்து அய்யனார். பாபநாசம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதுமே வண்டி முரண்டு பிடித்தது. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் சத்தம்தான் வருகிறதே தவிர வேகம் வரவில்லை. பொங்கல் பானையும் பத்துப் பதினைந்து பேருமாகப் பின்னால் வந்த ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) எங்களை முந்திக்கொண்டு போனது. அதில் இருந்த பிள்ளைகள் கை வேறு காட்டினார்கள். ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கிளப்பினால் கொஞ்ச தூரம் நன்றாக இழுக்கும். அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் அதே கதை. "வண்டிக்கும் மூட்டுவலி வந்துவிட்டதா?" என்று என் மனைவி கேட்டாள்.

நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். எந்த நிறுவனம், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. முதலில் காற்று வடிகட்டி, டீசல் வடிகட்டி, காற்றின் அளவைக் கணக்கிடும் சென்சார் மூன்றையும் மாற்றினார்கள். 38,000 ரூபாய் ஆயிற்று, இழுவை மட்டும் திரும்பவில்லை. அடுத்த முறை போனபோது டர்போ போய்விட்டது, இரண்டரை லட்சம் ஆகும் என்று மதிப்பீட்டுத் தாளை நீட்டினார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒரு தம்பி ஸ்கேனர் தாளைக் காட்டினான். அதில் 'பி0299' என்று இருந்தது.

டர்போவிலிருந்து எஞ்சினுக்கு வர வேண்டிய அழுத்தம் வரவில்லை என்பதுதான் அந்தக் குறியீட்டுக்குப் பொருள். ஏன் வரவில்லை என்று அது சொல்வதில்லை. மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டார் எரிந்திருக்கலாம், இடையில் குழாய் உடைந்திருக்கலாம், யாராவது வால்வை மூடியிருக்கலாம். எடுத்த எடுப்பில் புது மோட்டார் வாங்குகிறவனை நாம் என்ன சொல்வோம்?

ஆற்றுக்கு அக்கரையில், அம்பாசமுத்திரத்தில், டிராக்டர் வேலை பார்த்துப் பழகிப் பிறகு ஸ்கேனரும் வாங்கி வைத்துக்கொண்ட மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் எடுத்த எடுப்பில் பானெட்டைத் திறக்கவில்லை. "அண்ணாச்சி, நீங்கள் ஓட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். தென்காசிச் சாலையில் ஆழ்வார்குறிச்சி வரை போனோம். சாலை காலியாக இருந்த இடத்தில் அழுத்தி மிதிக்கச் சொன்னார். திரையில் இரண்டு எண்கள். எஞ்சின் கேட்ட அழுத்தம் 2.2 பார், வந்த அழுத்தம் 1.3 பார். வெளிக்காற்றின் அழுத்தமே ஏறத்தாழ 1 பார் என்பதால், டர்போ கூடுதலாகத் தர வேண்டிய 1.2 பாரில் தந்தது 0.3, அதாவது கால் பங்குதான். கேட்டதும் வந்ததும் இவ்வளவு விலகினால் கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக அதன் சக்தியைக் குறைத்துவிடும் என்றும், அணைத்துக் கிளப்பினால் அந்தக் கட்டுப்பாடு தற்காலிகமாக நீங்கிவிடும் என்றும் சொன்னார். மலையில் நான் பட்ட பாட்டுக்கு அப்போதுதான் காரணம் புரிந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் டர்போவுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். ஆட்டமில்லை, எங்கும் உரசவும் இல்லை. எங்கள் வண்டியின் டர்போவில் எஞ்சின் புகை வரும் வழியைச் சுற்றிச் சிறு மடல்கள் இருக்கின்றன. அவை நெருங்கினால், குழாய் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்ததும் தண்ணீர் பீறிடுவது போலப் புகை வேகமாகப் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றும். அந்த மடல்களை அசைப்பது ஒரு கம்பி. அந்தக் கம்பியை இழுப்பது, மெல்லிய ரப்பர் குழாய் வழியாக வரும் வெற்றிடம். எஞ்சினைக் கிளப்பியதும் கம்பி சட்டென்று மேலேற வேண்டும். எங்கள் வண்டியில் அது பாதி ஏறி நின்றுவிட்டது. அவர் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, அது வந்து சேரும் வாயில் கையால் அழுத்தும் சின்ன வெற்றிடப் பம்பை நேராக மாட்டி அழுத்தினார். கம்பி தங்குதடையில்லாமல் முழுதும் ஏறியது, பம்பின் முள்ளும் இறங்காமல் நின்றது. "டர்போ மேல் குற்றமில்லை அண்ணாச்சி" என்றார்.

பிறகு குழாயைத் தடவிக்கொண்டே போனார். எஞ்சினின் பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத வளைவில் அவர் விரல் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால் முருங்கைக்காய்ப் பருமன்கூட இல்லாத குழாயில் வரிசையாகப் பல் தடம். அதற்குக் கீழே வைக்கோல் துண்டுகள், நெல் உமி, எலிப் புழுக்கை. பிசான அறுவடை முடிந்ததும் வயல் எலிக்கு வேறு வீடு தேவைப்பட்டிருக்கிறது. படப்புக்குப் பக்கத்தில், பெரும்பாலும் அசையாமல் நிற்கும் வீட்டை நானே கட்டிக் கொடுத்திருந்தேன். (கார் பருவத்து நெல்லைத் தின்றது போதாதென்று காரையே தின்னத் தொடங்கிவிட்டது என்று மகன் போனில் சிரித்தான்.) புதுக் குழாய் 180 ரூபாய், கூலி 1,500. அன்று மாலை அதே சாலையில் கேட்டதும் 2.2, வந்ததும் 2.2.

எல்லா வண்டியிலும் எலிதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. பல புதிய வண்டிகளில் அந்தக் கம்பியைச் சின்ன மின்மோட்டார் அசைக்கிறது, அங்கே வெற்றிடக் குழாய்க்கு வேலையில்லை. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் வெடித்திருந்தாலும் அழுத்தம் போய்விடும். மிதிக்கும்போது உஸ் என்று சத்தம் வரும், வெடித்த இடத்தில் எண்ணெய் கசிந்திருக்கும். குழாய்களுக்குள் புகையைச் செலுத்தினால் அது எங்கே வெளியேறுகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டுமே ஓடும் வண்டியாக இருந்தால், எஞ்சின் புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி அடைத்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கரி எரிய ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும், அது ஊருக்குள் நின்று நின்று போகும் ஓட்டத்தில் கிடைக்காது. நாங்குநேரி நாற்கரச் சாலையில் சீரான வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினாலே சில வண்டிகள் தெளிந்துவிடுகின்றன. டர்போவே தேய்ந்துபோவதும் உண்டு. அப்போது மாற்றத்தான் வேண்டும். ஆனால் சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்காமலே மாற்றச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த முறை இந்தப் பகுதியில் எழுதும்போது, வண்டியை ஓட்டியபடி எடுத்த இரண்டு அழுத்த எண்களையும் காட்டச் சொல்லி வாசகர்கள் சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டும் என்று ஒரு வரியாவது சேர்க்கச் சொல்லுங்கள். அந்தக் கடித்த குழாய் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கட்டுரையாளர் பார்க்க விரும்பினால் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லிடைக்குறிச்சி