டெஸ்க்டாப் எங்கே இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியில் விண்டோஸ் இருக்கும் சேமிப்புப் பகுதியான சி டிரைவில் உள்ள கோப்புறைகள் எதற்கென்று சாதாரணப் பயனர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, தொடாமல் இருந்தாலே போதும் என்று சென்ற இதழின் கணினிப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். தொடாமலே இருந்து எல்லாவற்றையும் இழந்தவன் என்பதால் அந்த வரி என்னை மிகவும் வருத்தியது.

யாங்கோனில் எங்கள் கோயில் தமிழ் வகுப்புக்காகப் பதினோரு ஆண்டுகள் பாடங்களைத் தட்டச்சு செய்து, கண்ணெதிரே இருக்கட்டும் என்று டெஸ்க்டாப்பிலேயே வைத்திருந்தேன். மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த ஒரு நாளில் விண்டோஸ் திறக்காமல் போயிற்று. பழுது பார்த்த கடையில், "சி டிரைவை மட்டும்தான் ஃபார்மட் செய்வோம்" என்றார்கள். அதாவது அதில் உள்ளதையெல்லாம் அழித்துவிடுவார்களாம். நானும் தலையாட்டினேன். டெஸ்க்டாப் என்பது சி டிரைவில், யூசர்ஸ் கோப்புறைக்குள், நம் பெயரில் இருக்கும் கோப்புறையின் ஒரு பகுதி என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. பென்டிரைவில் தப்பிய சில பாடங்களைத் திறந்தால், 'அம்மா' என்றிருந்த இடத்தில் நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. ஆங்கில எழுத்துகளைத் தமிழாகக் காட்டும், நான் பயன்படுத்திய பழைய பாமினி எழுத்துரு, விண்டோஸுக்குள் ஃபாண்ட்ஸ் என்னும் கோப்புறையில் இருந்து, அதனுடனேயே அழிந்திருந்தது. ஸோஜி என்னும் பழைய பர்மிய எழுத்துருவிலிருந்து, உலகப் பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு 2019இல் மாறிய இந்நாட்டில், எழுத்துரு இல்லாத கோப்பு படும் பாடு தாங்கள் அறியாததல்ல.

இது முதல் முறையும் அல்ல. இடம் போதாவிட்டால் பழைய கோப்புறைகளை அழித்துவிடலாம் என்று முன்பொரு முறை, எவை பழையவை என்று சொல்லாமலே எழுதினீர்கள். அதைப் படித்த என் தங்கை மகன், "மாமா, சிஸ்டம்32 பழசுதானே, அழிச்சிடட்டுமா?" என்று கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. சிஸ்டம்32 என்பது விண்டோஸ் இயங்கவே தேவையான கோப்புறை என்பதையும், 64 பிட் விண்டோஸில் 64 பிட் கோப்புகள் சிஸ்டம்32இலும், பழைய வகையான 32 பிட் கோப்புகள் சிஸ்வாவ்64 என்னும் கோப்புறையிலும் இருக்கின்றன என்பதையும் பின்னர் வேறிடத்தில் படித்தே அறிந்தேன். பெயரைப் பார்த்து அந்தப் பிள்ளை ஏமாந்ததில் என்ன தவறு? அப்போது நான் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. போதாக்குறைக்கு, ஒரு மாதம் கோப்புறை என்றும் மறுமாதம் அடைவு என்றும் எழுதுகிறீர்கள். என் வகுப்புக்கு வரும் பெரியவர்கள் இரண்டும் வெவ்வேறு என்றே நினைக்கிறார்கள்.

விண்டோஸ் கோப்புறை இயங்குதளத்துக்கு, புரோகிராம் ஃபைல்ஸ் நாம் நிறுவும் மென்பொருள்களுக்கு, யூசர்ஸ் நமக்கு, ஆகவே ஃபார்மட் செய்யுமுன் யூசர்ஸைப் படியெடுக்க வேண்டும் என்று, ஒரே சொல்லைப் பயன்படுத்திப் பெரிய எழுத்தில் அரைப்பக்கம் வெளியிடுங்கள். வகுப்பறைச் சுவரில் ஒட்ட வசதியாக, அதன் பின்பக்கத்தில் விளம்பரம் மட்டும் வரும்படி அமைத்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
யாங்கோன்