அந்தக் கால்பந்து கேமை இப்போதே வாங்கலாமா என்று கேட்டாயே

மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஆடிப்பெருக்குக்கு அக்கா பிள்ளைகளோடு வந்திருந்தாள், சின்ன அத்தையும் வந்திருந்தார், மூன்று நாள் வீடு நிறைய ஆள், அதனால்தான் பதில் எழுதத் தாமதம். அம்மாமண்டபத்தில் மேல்படி வரைக்கும் தண்ணீர், நீ வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம் ஆகிறது, இப்போது எதிர்வீட்டு மாடியில் காயும் புடவையின் பார்டர் நிறத்தைக்கூடச் சொல்கிறார். ஓசூர் வீட்டுக்கு மேல்தளம் போட்டாகிவிட்டது என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன், கிரகப்பிரவேசத்துக்கு வந்தே தீருவேன் என்கிறார்.

சரி, நீ கேட்ட விஷயம். மருமகன் எஃப்சி என்ற அந்தக் கால்பந்து கேமின் புது வருட எடிஷனை, வெளியாகும் முன்பே பணம் கட்டி இப்போதே ப்ரீ-ஆர்டர் செய்யச் சொல்கிறான், அதுவும் சாதாரண எடிஷன் இல்லை, விலை கூடிய அல்டிமேட்தான் வேண்டும், போன வருடம் மாதிரி ஒரு வாரம் முன்னாலேயே விளையாட விடுவார்கள் என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுக்கிறான் என்று எழுதியிருந்தாய். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். டிஜிட்டலாக வாங்குவதாக இருந்தால் எந்த கேமுக்கும் வெளியாகும் முன்பே பணம் கட்ட வேண்டியதில்லை. விதிவிலக்கு ஒன்றிரண்டு உண்டு, அதையும் சொல்கிறேன்.

தீபாவளிக்கு ஊருக்கு வர அறுபது நாளுக்கு முன்பே காலை எட்டு மணிக்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருகிறோம் இல்லையா, அதற்கு அர்த்தம் இருக்கிறது. பழைய ஸ்லீப்பர் பெட்டியில் படுக்கை 72தான், நாம் எடுக்காவிட்டால் இன்னொருவர் எடுத்துவிடுவார். கேம்கள் பெட்டியில் விற்ற காலத்திலும் நிலைமை இதுதான். கடைக்கு இத்தனை டிஸ்க் வரும் என்று கணக்கு, அமெரிக்காவில் கேம்ஸ்டாப் மாதிரி கடைகளில் 5 டாலர் முன்பணம் கட்டிவைத்தால் நம் பெயருக்கு ஒன்றை எடுத்து வைப்பார்கள். டவுன்லோடு செய்யும் கேமில் தீர்ந்துபோக என்ன இருக்கிறது? பத்துப் பேர் வாங்கினாலும் பத்து லட்சம் பேர் வாங்கினாலும் சர்வரில் இருப்பது அதே ஃபைல். இடம் பிடிக்க வேண்டிய அவசியம் போய்விட்டது, இடம் பிடிக்கிற பழக்கத்தை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நல்ல அத்தாட்சி, 2025 செப்டம்பர் 4-ஆம் தேதி வந்த ஹாலோ நைட்: சில்க்சாங். ஆறு வருடத்துக்கு மேல் ஜனங்கள் காத்திருந்த கேம். டீம் செர்ரி என்ற சின்னக் குழு, ப்ரீ-ஆர்டரே வைக்கவில்லை, விலை 20 டாலர். வெளியான நேரத்தில் கூட்டம் தாங்காமல் ஸ்டீம் முதற்கொண்டு கேம் விற்கும் ஆன்லைன் கடைகள் முடங்கிப்போயின. அப்புறம் சில மணி நேரத்தில் எல்லாம் சரியாகி, வாங்க வந்த எல்லோருக்கும் கிடைத்தது, ஒருத்தரும் இல்லை என்று திரும்பிப் போகவில்லை.

நம் காலத்தை நினைத்துப் பார். டிஜிட் பத்திரிகையோடு வரும் சிடிக்காக மாத முதல் வாரத்தில் பஸ் ஸ்டாண்டு கடைக்கு நடையாய் நடப்போம். கவரைக் கிழித்து, உன் வீட்டு கம்ப்யூட்டரில் போட்டு, அதில் இருக்கும் டெமோவை, ஒரே ஒரு லெவல்தான் இருக்கும், நாற்பது முறை விளையாடுவோம். எந்த மூலையில் எந்த எதிரி நிற்பான் என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதை விளையாடி, பிடித்திருந்தால்தான் முழு கேமுக்கு ஆசைப்படுவோம், அப்புறம்தான் சென்னைக்குப் போகும் சித்தப்பாவிடம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரிக்கச் சொல்லுவோம். முதலில் தொட்டுப் பார்த்தோம், பிறகு காசு. இன்றைக்கு முதலில் காசு, தொட்டுப் பார்ப்பது கடைசியில். இந்த வரிசை மாறியதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

சைபர்பங்க் 2077 என்ற கேமுக்கு நடந்ததை மருமகனிடம் விளக்கமாகச் சொல், அவனுக்கு விவரம் தெரியாத வயதில் நடந்தது. செய்தது சிடி ப்ராஜெக்ட் ரெட் என்ற போலந்து கம்பெனி, அதற்கு முன் அவர்கள் செய்த விட்சர் 3 கேமை உலகமே கொண்டாடியது, அதனால் அவர்கள் மேல் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்ட நம்பிக்கை. 2020 டிசம்பர் 10 அன்று வெளியானது, அதற்குள் 80 லட்சம் ப்ரீ-ஆர்டர், அதில் முக்கால்வாசிக்குக் கிட்டத்தட்ட டிஜிட்டல். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது கம்ப்யூட்டரில் ஓடும் பிசி பிரதி மட்டும், விளையாடி எடுத்த சொந்த வீடியோவை அவர்கள் காட்டவும் கூடாது, கம்பெனி கொடுத்த காட்சிகளைத்தான் போட வேண்டும். பிளேஸ்டேஷன் 4-லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் கேம் எப்படி ஓடுகிறது என்று வெளியிலிருந்து ஒருத்தரும் பார்க்கவில்லை. வாங்கினவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். முகம் சரியாக வருவதற்குள் ஆள் பேசி முடித்துவிடுகிறான், தெரு வெறிச்சென்று கிடக்கிறது, நடுவில் கேம் மூடிக்கொள்கிறது. ஒரு வாரத்தில், பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி அந்தக் கடைக்கு வர 2021 ஜூன் 21 ஆனது.

இதில் என் மனதில் அப்படியே நின்றுபோன விவரம் வேறு. வெளியான கையோடு கம்பெனி முதலீட்டாளர்களுக்கு ஓர் அறிவிப்பு விட்டது: டிஜிட்டல் கடைகளில் முன்பதிவாக விற்றதில் தங்களுக்கு வரவேண்டிய தொகை மட்டுமே கேமை உருவாக்கிய செலவையும் விளம்பரச் செலவையும் தாண்டிவிட்டது என்று. யோசித்துப் பார் மாப்ளே. ஒரு ஆள் கையில் கன்ட்ரோலரை எடுக்கும் முன்பே போட்ட காசு வந்துவிட்டது. இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போட்டுச் சரி செய்யலாம் என்று உள்ளே வேலை செய்த ஒரு நல்ல புரோகிராமர் சொல்லியிருந்தால், அவர் பேச்சுக்கு அங்கே என்ன பலம் இருந்திருக்கும்? நாம் காத்திருப்பதுதான் அந்த மாதிரி ஆட்களுக்கு நாம் செய்யக்கூடிய உதவி என்று நான் நிஜமாகவே நம்புகிறேன். அந்த கேமையும் அவர்கள் கைவிடவில்லை, வருடக்கணக்கில் உழைத்து 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் கொடுத்தார்கள், இன்றைக்கு அது அருமையான கேம். அந்த வருடம் தள்ளுபடியில் வாங்கினவருக்கு நல்ல கேம் குறைந்த விலைக்குக் கிடைத்தது, முதலில் நம்பி முழுக் காசு கொடுத்தவருக்கு உடைந்த கேம் கிடைத்தது.

எனக்கும் ஒரு முறை இப்படி ஆனது. ஒரு கார் ரேஸ் கேம், பெயர் வேண்டாம், டீலக்ஸ் எடிஷனை ஒன்றரை மாதம் முன்பே வாங்கினேன், நான்கு கார் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார்கள். வெளியாகும் ராத்திரி அம்மா தூங்கிய பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், பன்னிரண்டு மணிக்கு லாக் திறந்தது, முதல் ரேஸ், இரண்டாவது வளைவில் என் காருக்கு முன்னால் சாலையே இல்லை. மரம் இருக்கிறது, விளக்குக் கம்பம் இருக்கிறது, தார்ச்சாலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம், கார் அதற்குள் இறங்கிக்கொண்டே போகிறது. மறுபடி ஆரம்பித்தேன், அதே வளைவு, அதே பள்ளம். பிழையைச் சரிசெய்யும் பேட்ச் வரும் என்று எழுதினார்கள், காத்திருந்தேன், அதற்குள் பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு முடிந்துவிட்டது. ஐந்து மாதம் கழித்து அதே டீலக்ஸ், அந்த நான்கு காரோடு, எல்லாம் சரியாகி, பாதி விலைக்கு வந்தது. முதலில் வாங்கியவன் கொடுத்த விலையில் என்ன மரியாதை இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே மனசு வலித்தது.

அந்தக் கூடுதல் பரிசுகளைப் பற்றியும் மருமகன் நிறையச் சொல்லுவான். ஒரு உடை, ஒரு துப்பாக்கி, ஒரு சின்ன மிஷன், இதெல்லாம் கேமுக்குள் முன்பே இருந்ததை எடுத்துத் தனியாகக் கட்டி வைப்பதுதான் பல நேரம். 2015-ல் டியூஸ் எக்ஸ்: மேன்கைண்ட் டிவைடட் என்ற கேமுக்கு ஒரு திட்டம் போட்டார்கள். ப்ரீ-ஆர்டர் எண்ணிக்கை ஏற ஏற ஒவ்வொரு படியாகப் பரிசு திறக்கும், கடைசிப் படி வரை ஏறினால் எல்லோருக்கும் நான்கு நாள் முன்னால் கேம் கிடைக்கும். ரசிகர்கள் கொதித்துப்போய் எதிர்த்தார்கள், ஒரே மாதத்தில், அக்டோபர் 1 அன்று அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். நாம் வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் காதில் விழத்தான் செய்கிறது.

இப்போது விதிவிலக்கு. நெட் மெதுவாக இருக்கிற வீட்டுக்கு ப்ரீ-லோடு ஒரு பெரிய வசதி. 100 ஜிபி கேமை 10 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும், உன் பழைய வாடகை வீட்டு நெட் ஞாபகம் இருக்கும். முன்பே வாங்கினவர்களுக்குப் பூட்டிய ஃபைலாக இறக்கிக்கொள்ள விடுகிறார்கள், வெளியாகும் நேரத்தில் பூட்டு திறக்கும். ஆனால் அதற்கும் இரண்டு மாதம் முன்னால் கட்ட வேண்டியதில்லை. நம்பிக்கையான கேம் என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் முன்பே விமர்சனம் வந்துவிடும், அதைப் படித்துவிட்டு அன்றைக்குக் கட்டினால் போதும். விமர்சனமே வரவில்லை என்றால் அதுவே ஒரு பதில். 2014-ல் அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி வெளியானபோது, அமெரிக்காவில் விற்பனை தொடங்கிப் பாதி நாள் போன பிறகுதான் விமர்சனங்களை வெளியிட விட்டார்கள், கேமில் எவ்வளவு கோளாறு இருந்தது என்பது அப்புறம் ஊருக்கே தெரிந்தது.

எந்தக் கடை என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்டீமில் வெளியாகும் வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், வெளியான பிறகும் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும். பிளேஸ்டேஷன் கடையில் அப்படி இல்லை. டவுன்லோடு தொடங்கிவிட்டால் பொதுவாகப் பணம் திரும்பாது, கேமில் கோளாறு என்றால்தான் உண்டு. ப்ரீ-ஆர்டர் போட்டால் கன்சோல் தானாகவே இறக்க ஆரம்பிக்கும், ராத்திரி தூங்கும் நேரத்தில் அது நடந்துவிடும். எப்படியும் ஒரு நாள் நீங்கள் போடத்தான் போகிறீர்கள் என்றால் அந்தத் தானியங்கி டவுன்லோடை முதலில் அணைத்து வை.

சின்னக் குழுக்களுக்கு ஆதரவாக முன்கூட்டி வாங்கினால் என்ன என்று நானும் யோசித்திருக்கிறேன். டொராண்டோவில் விசை கேம்ஸ் செய்த வெண்பா, 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி வேக வைக்க வேண்டும், அது 2023 ஜூலை 31 அன்று வெளியானது. அன்றைக்குச் சாயங்காலமே வாங்கி, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு விளையாடினேன், இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார். வெளியான அன்று கொடுத்தாலும் அவர்களுக்குப் போகும் காசு அதேதான். அதற்கு முன் ஸ்டீமில் விஷ்லிஸ்டில், அதாவது வாங்க விரும்புகிற கேம்களின் பட்டியலில், போட்டு வைக்கலாம், நமக்குச் செலவில்லை, கடை அந்த கேமைக் கவனிக்க அது உதவும்.

அப்புறம் மருமகனின் கால்பந்து. அவன் ஆசையைச் சும்மா தள்ளிவிடாதே. வகுப்பில் நான்கைந்து பேர் ஒன்றாக ஆரம்பிக்கப் போகிறார்கள் என்றால் முதல் வாரம் அவனுக்கு முக்கியம்தான், நாமும் பிரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கு இடம் கிடைக்காமல் வெளியே நின்றபோது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். ஆனால் 2025-ல் எஃப்சி 26 எல்லோருக்கும் செப்டம்பர் 26, அல்டிமேட்காரர்களுக்கு 19. அந்த ஏழு நாளுக்கு வேண்டியது அல்டிமேட் எடிஷன்தான், மாதக்கணக்கில் முன்னாலேயே கட்டிய பணம் இல்லை. 19-ஆம் தேதி காலையில் வாங்கியிருந்தாலும் அன்றைக்கே விளையாடியிருக்கலாம். வருடா வருடம் வரும் கேம், நவம்பர் கடைசித் தள்ளுபடியில் விலை நன்றாக இறங்கும், அடுத்த வருடம் புதிது வந்ததும் இதைத் தொடமாட்டான். உன் பிஎஸ் 5-ல் டிஸ்க் போடும் வசதி இருக்கிறதுதானே? அப்படியென்றால் நான் சொல்வது, வெளியான வாரம் சாதாரண எடிஷனை டிஸ்க்காக வாங்கிக் கொடு. கோடை விடுமுறைக்குள் அவன் சலித்துவிட்டால் யாருக்காவது விற்கலாம், அக்கா பையனுக்குக் கொடுக்கலாம், டிஜிட்டலில் அது முடியாது.

நான் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் போன் செய்கிறேன், அவனிடம் கொடு, நானே பேசுகிறேன். மாமாவும் அவனோடு ஆன்லைனில் ஆட வருவேன், முதல் வாரம் கோல்கீப்பர் யார் என்று இப்போதே முடிவு செய்து வைக்கச் சொல். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். வீட்டு வேலைக்குக் கதவு, ஜன்னல் மரம் பார்க்க வேண்டும் என்றாயே, அதற்கு இங்கே திருவானைக்காவல் பக்கம் ஒரு நல்ல ஆசாரி இருக்கிறார், அளவை எடுத்து அனுப்பு.

உன் பழைய பெஞ்ச்மேட்