வெடித்த நேரத்தைக் குறித்து வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு பற்றிய பேச்சு பெரும்பாலும் கவனச்சிதறலோடும் துறுதுறுப்போடும் நின்றுவிடுகிறது. 2013-இல் வெளியான டி.எஸ்.எம்.-5 என்ற மனநோய் கண்டறியும் கையேடு இதற்குத் தரும் 18 அறிகுறிகளிலும் கோபத்துக்கு இடமில்லை. எரிச்சலும் ஏமாற்றம் தாங்காமையும் உடன்வரக்கூடியவை என்ற அளவில்தான் வருகின்றன. வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால், தொலைந்த பேனாக்களைவிட இந்தக் கோப வெடிப்புதான் பெரும்பாடு என்பார்கள்.

கோபம் எல்லோருக்கும்தான் வருகிறது. வந்ததை ஒரு நொடி நிறுத்தி, ‘இவர் ஏன் இப்படிச் சொன்னார்’ என்று யோசிக்க முன்மூளை உதவ வேண்டும். கவனத்தைப் பிடித்துவைப்பதிலும் அதற்கே பெரும்பங்கு. அங்கே பிடி தளர்ந்தால் வாய் முந்திக்கொள்கிறது. கொதிக்கும் நேரத்தில் சொல்லும் அறிவுரை ஏறாததும் இதனால்தான். அப்போது பேச்சைக் குறைத்து, இடத்தை மாற்றுங்கள். எந்த அறைக்குப் போவது, எவ்வளவு நேரம் கழித்துப் பேசுவது என்பதை அமைதியான ஒரு நாளிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். சண்டையின் நடுவே சொன்னால் அது தண்டனையாகத்தான் கேட்கும்.

மருந்து எடுப்பவர்கள் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். குறுகிய நேரம் வேலை செய்யும் மெத்தில்ஃபெனிடேட் என்ற ஏ.டி.எச்.டி. மருந்தின் பலன் ஏறத்தாழ 4 மணி நேரம். அது இறங்கும்போது சிலருக்கு எரிச்சலும் அழுகையும் முன்பைவிடக் கூடும். மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே சிடுசிடுப்போ, சுரத்தில்லாத மந்தமோ வந்தால் அளவு கூடுதலாக இருக்கலாம். இரண்டுக்கும் தீர்வு வேறு. ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மொத்தமாகச் சொன்னால் மருத்துவருக்கு எதுவும் புரியாது. மருந்து பசியை அடக்குவதால் மதியச் சாப்பாடு தவறி, அந்தப் பசியே மாலைக் கோபமாக வருவதும் உண்டு. இது பலர் கண்ணில் படுவதே இல்லை. அடோமாக்செட்டின் என்ற இன்னொரு ஏ.டி.எச்.டி. மருந்தின் கதை வேறு. முழுப்பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், முதல் வாரத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், வெடித்த நேரம், அடங்கிய நேரம், முந்தைய இரவு தூங்கிய மணிகள். அடங்கிய நேரம் முக்கியம். ஏ.டி.எச்.டி.யில் ஏதாவது ஒன்று சீண்ட, மனநிலை மாறி, பெரும்பாலும் சில நிமிடங்களிலோ மணிகளிலோ இறங்கிவிடும். தூக்கம் குறைந்தும் களைப்பில்லாமல், தொடர்ந்து 4 நாளோ அதற்கு மேலோ வழக்கத்துக்கு மாறான உற்சாகமோ எரிச்சலோ நீடித்தால் இருமுனைக் கோளாறா (மனநிலை உச்சத்துக்கும் தாழ்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய்) என்று பார்க்க வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு எழுந்தால் நோட்டு நிறையக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

– மனநலப் பணியாளர்கள் சிலர்