பத்திரிகை வைக்க நீயும் உள்ளே வா, தம்பி

அன்புள்ள தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஆவணியில் முகூர்த்தம். முதல் பத்திரிகையைத் திருச்செந்தூரில் முருகன் முன்னால் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொன்னார்கள். நீ கையிலிருந்த டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "நீங்க எல்லாரும் உள்ள போயிட்டு வாங்கம்மா, நான் கடற்கரையில நிக்கேன்" என்றாய். உனக்குக் கூட்டம் ஆகாது என்று அம்மா நினைத்தார்கள். "மாப்பிள்ளை இல்லாமலா பத்திரிகை வைக்கது?" என்று அப்பா சத்தம் போட்டார். எனக்கு மட்டும் நெஞ்சில் சுருக்கென்றது. அந்தக் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கழற்றினால், எடை குறைந்த பிறகு தொங்குகிற தோல் எல்லார் கண்ணிலும் படும்.

2019 தை மாதம் நானும் அதே கடற்கரையில் நின்றவன். உன் மதினியும் பிள்ளைகளும் தரிசனம் முடித்து வரும்வரை இரண்டு மணி நேரம் செருப்புக்கும் பைக்கும் காவல் இருந்தேன். 128 கிலோவிலிருந்து 76-க்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரே என்னைப் பார்த்து அசந்துபோன அந்தப் பயணத்தில், கோபுரத்தைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். ஏன் உள்ளே வரவில்லை என்று உன் மதினி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன். கோயில் வாசலில் சொன்ன பொய் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால்தான் இந்தக் கடிதம். பொதுவில் எழுதட்டுமா என்று உன்னிடம் கேட்டேன். "பேரு போடாம எழுதுங்கண்ணே, நம்மள மாதிரி நாலு பேருக்கு ஆகும்" என்றாய். அந்த நாலு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

142 கிலோவிலிருந்து 91-க்கு வந்திருக்கிறாய். இரைப்பையைச் சிறிதாக்குகிற ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து எட்டே மாதம். சுகர் மாத்திரை நின்றுவிட்டது, படியேறினால் மூச்சு வாங்குவதில்லை. இங்கே மும்பை கோலிவாடாவில் உன்னைப் பார்க்கிற எல்லாரும் எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்கிறார்கள். அந்த 51 கிலோவைச் சுமந்த தோல் என்ன ஆனது என்று ஒருவரும் கேட்பதில்லை. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்ட பிறகு நீ மட்டும் பார்க்கிற சங்கதி அது. கையைத் தூக்கினால் சிறகு மாதிரி தொங்குவதும், குனிந்தால் வயிற்றுத்தோல் கூடவே சரிந்து வருவதும், மார்பு இறங்கிக் கிடப்பதும் எனக்குத் தெரியும்.

நீ முதலில் விட வேண்டியது, "நான் ஏதோ தப்பா குறைச்சிட்டேன்" என்கிற நினைப்பை. மெதுவாகக் குறைத்திருந்தால் தொங்கியிருக்காது என்று உன் ஜிம்மில் யாரோ சொன்னார்களாம். நான் ஆபரேஷன் ஏதும் இல்லாமல், சாப்பாட்டைக் குறைத்து, ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்து இரண்டரை வருஷத்தில் குறைத்தவன். எனக்கும் தொங்கியது. எவ்வளவு எடை, எத்தனை வருஷம் சுமந்தோம், என்ன வயதில் குறைத்தோம், பிறவியில் வந்த தோல் எப்படி, புகைப்பழக்கம் உண்டா என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு.

பின்னால் எனக்கு வயிற்றுத்தோலை வெட்டி எடுத்த டாக்டர் சொன்ன ஒரு விஷயம் என் மனசையே மாற்றியது. தீக்காயம் பட்டவர்களுக்கு ஒட்டுவதற்குத் தோல் போதாமல் போனால், நல்ல தோலுக்கு அடியில் ஒரு பலூனை வைத்துச் சில வாரங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் உப்புத்தண்ணீர் ஏற்றுவார்களாம். மேலே இருக்கும் தோல் இழுபடுவதோடு நிற்காமல் புதிதாக வளர்ந்தும் கொடுக்குமாம். நம் உடம்பில் கொழுப்பு செய்ததும் அதே வேலைதான். உள்ளே இருந்தது போய்விட்டது, அதற்காக வளர்ந்த தோல் மிச்சம் இருக்கிறது. தோலைச் சுருங்கவைக்கிற எலாஸ்டின் என்ற நார், கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் பெரும்பாலும் உருவாகிறது. வளர்ந்த பிறகு உடம்பு அதைப் புதிதாகச் செய்வது மிகக் கொஞ்சம். அது அறுந்துபோன இடத்தில் எத்தனை சிட்-அப் எடுத்தாலும் தோல் பழையபடி ஏறாது. நீ சோம்பேறி என்பதால் தொங்கவில்லை, தம்பி.

இதை நான் தெரிந்துகொள்வதற்குள் கொடுத்த விலை அதிகம். அப்போது இங்கே ஒரு கிளினிக்கில், ஆறு சிட்டிங்கில் தோல் இறுகிவிடும் என்று சொல்லி 38,000 ரூபாய் வாங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் சூடு வைக்கிற மாதிரி ஒரு கருவியை வயிற்றில் ஓட்டினார்கள். லேசாகத் தளர்ந்த தோலுக்கு அது ஓரளவு கேட்கும். மடிந்து தொங்குகிற தோலுக்குக் கேட்காது என்பதை யாரும் எனக்கு வாயைத் திறந்து சொல்லவில்லை. தோலுக்கு உறுதி கொடுக்கிற கொலாஜன் என்ற புரதம் கலந்த கிரீமும் அப்படித்தான். கொலாஜன் மூலக்கூறு பெரியது, மேல்தோலைத் தாண்டி உள்ளே இறங்காது. கல்யாணச் செலவு தலைக்கு மேல் இருக்கும்போது நீ இதிலெல்லாம் காசைப் போடாதே. எடை தூக்கும் பயிற்சியை மட்டும் விடாதே. தசை ஏறினால் கையிலும் தோளிலும் கொஞ்சம் நிரம்பும். ஸ்லீவ் ஆனவர்களுக்கு ஒரு நாளைக்கு 60-லிருந்து 80 கிராம் புரதம் வேண்டும் என்பார்கள். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம்தான். அம்மா பாசத்தோடு ஊற்றுகிற கஞ்சியில் அந்தக் கணக்கு நிரம்பாது, மீனையும் சுண்டலையும் முதலில் சாப்பிடு.

இப்போது மழை தொடங்கப் போகிறது, அதனால் இதைக் கவனமாகப் படி. நம் மும்பையில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கொடியில் போட்ட பனியனே காய்வதில்லை. வயிற்று மடிப்புக்குள் வியர்வை எப்படிக் காயும்? தோலும் தோலும் உரசி, ஊறி, சிவந்து, மழையில் கால் இடுக்கில் வருகிற சேத்துப்புண் மாதிரி வெந்துபோகும். ஈரம் கண்ட இடத்தில் பூஞ்சை குடியேறும். மடிப்பின் இரண்டு பக்கமும் சிவந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளி தெரிந்தால் அதுதான்.

எனக்கு அது 2019 ஜூலையில் வந்தது. வெட்கப்பட்டு டாக்டரிடம் போகாமல், பக்கத்து மெடிக்கலில் கேட்டு ஒரு களிம்பு வாங்கினேன். இரண்டே நாளில் சிவப்பு போயிற்று. மூன்றாம் வாரம் தொடை வரைக்கும் படர்தாமரையாகத் திரும்பி வந்தது. அதில், சிவப்பை மட்டும் அமுக்கிவிட்டுப் பூஞ்சையை வளரவிடுகிற ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்ததாம். அந்த மாதிரிக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு விதியைத் திருத்தியிருந்தது. இருந்தும் எனக்குக் கேட்டதும் கிடைத்தது. நீ அப்படி வாங்காதே. தோல் டாக்டரைப் பார். சிவப்பு வேகமாகப் பரவினாலோ, சீழ் பிடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போ.

என் குட்டை வெளிப்படுத்தியது பனியனில் இருந்த களிம்புக் கறை. துவைக்கும்போது உன் மதினி பார்த்துவிட்டாள். இரவு விளக்கை அணைத்த பிறகுதான் சட்டையை மாற்றுவேன், ஏழெட்டு மாதமாக அவள் என் வயிற்றைப் பார்த்ததே இல்லை. அன்று என்னை ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. பரணிலிருந்து ஒரு பழைய பருத்தி வேட்டியை எடுத்தாள். பல்லால் ஓரத்தைக் கடித்துச் சர்ரென்று கிழித்தாள். உள்ளங்கை அகலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு துண்டு. மடிப்பைத் தூக்கி ஒன்றை உள்ளே வைத்துவிட்டு, "ஈரமானா மாத்திக்கிடுங்க, ஆபீசுக்கு நாலு கொண்டு போங்க" என்றாள். அந்தத் துணி பட்டபோது இருந்த குளிர்ச்சியை என்னால் மறக்க முடியாது.

அதற்குப் பிறகு தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு இதுதான் என் வேலை. குளித்துவிட்டு ஒற்றி எடுப்பேன், தேய்க்க மாட்டேன். மடிப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு டேபிள் ஃபேன் முன்னால் ஐந்து நிமிஷம் நிற்பேன். டாக்டர் கொடுத்த பூஞ்சைக் களிம்பை மெல்லிசாகத் தடவி, அது காய்ந்த பிறகு வேட்டித் துண்டு. பவுடரை அப்பிப் பார்த்தேன், வியர்வையில் களியாகிப் புண்தான் கூடியது. நீயும் ஒரு பழைய வேட்டியைத் தேடி எடுத்து வை. உனக்குச் சுகர் இருந்தது என்பதால் இன்னும் கவனம் தேவை.

இனி, தொங்கும் தோலை வெட்டி எடுப்பது பற்றி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "அண்ணே, கல்யாணத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிரலாமா?"

வேண்டாம். உன் எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது வெட்டினால் மறுபடி தொங்கும். ஸ்லீவ் ஆனவர்களைப் பொதுவாக ஒன்று, ஒன்றரை வருஷம் காத்திருக்கச் சொல்வார்கள். எடை ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இரும்புச்சத்து, பி12, புரதம் எல்லாம் ரத்தத்தில் சரியாக இருந்தால்தான் புண் ஆறும். சிகரெட்டை எப்போதாவது என்றாலும் தொடாதே, ரத்த ஓட்டம் குறைந்து தையல் விட்டுப்போகும்.

நான் 2021-ல் வயிற்றுக்கு மட்டும் செய்துகொண்டேன். மழைக்கு மழை புண் வந்ததுதான் காரணம். ஒரு இடுப்பெலும்பிலிருந்து இன்னொன்று வரைக்கும் வெட்டு. பக்கவாட்டில் இரண்டு குழாய், நுனியில் குப்பி, அதில் சேர்கிற நீரை அளந்து எழுத வேண்டும். முதல் வாரம் கூன் விழுந்த மாதிரிதான் நடந்தேன். ஆறு வாரம் இறுக்கமான பெல்ட், பளு தூக்கக் கூடாது. குழாயை எடுத்த பிறகும் உள்ளே நீர் கட்டி, இரண்டு தடவை ஊசியால் உறிஞ்சினார்கள். தழும்பு வெளுக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. தொப்புளுக்குக் கீழே ஒரு உள்ளங்கை அளவு இன்றைக்கும் மரத்துத்தான் கிடக்கிறது. மாப்பிள்ளைக் கோலத்தில் மணவறையில் உட்கார வேண்டியவனுக்கு இது வேண்டுமா?

செய்துகொண்டதில் எனக்கு வருத்தமே இல்லை. புண் நின்றது, அதுவே போதும். நேரம் வரும்போது நீயும் யோசி. டாக்டர், பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. பட்டம் படித்தவரா என்று பார். கே.இ.எம்., சயான் மாதிரியான மாநகராட்சி ஆஸ்பத்திரிகளிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு, அங்கேயும் விசாரி. அழகுக்கான ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் பணம் வராது. உடல்நலத்துக்கு நேரடி ஆபத்தை நீக்கும் சிகிச்சை என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தால்தான் கேட்கவே முடியும். அதனால் புண் வருகிறபோதெல்லாம் போட்டோ எடுத்து, சீட்டுகளைப் பத்திரமாக வை.

கையையும் மார்பையும் நான் அப்படியே விட்டுவிட்டேன். இப்போதும் தொங்குகிறது. ஆனால் ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்கார்ந்த பெஞ்சில், "தோடா சரக்னா பாய்" (கொஞ்சம் நகருங்க) என்று கேட்டு நாலாவது சீட்டில் உட்காருகிறேன். 128 கிலோவில் இருபது வருஷம் நின்றேதான் போனேன், கேட்க வாய் வராது. அந்த நாலாவது சீட்டில் உட்காரும்போதெல்லாம் இந்தத் தோலின் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிடுகிறது.

கல்யாணப் பெண்ணிடம் நீ இன்னும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆபரேஷன் ஆனது அந்தப் பிள்ளைக்குத் தெரியும், தோல் விஷயம் தெரியாது. முதல் ராத்திரி விளக்கணைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதே. ஏழெட்டு மாதம் விளக்கணைத்தவன் சொல்கிறேன். அதில் நான் மறைத்தது வயிற்றை மட்டும் இல்லை, அவளிடம் பேசுவதே குறைந்துபோயிற்று. போனில் பேசும்போது ஒரு நாள் சாதாரணமாகச் சொல். "எனக்கு உடம்புல தோல் தொங்கும், மழைக்காலத்துல புண்ணு வரும், பின்னால ஆபரேஷன் பண்ணவேண்டி வரலாம்" என்று மூன்று வரி போதும். நலங்குக்கு முன்னால் அம்மாவிடமும் சொல்லிவிடு. அத்தைமார் சந்தனம் பூசும்போது மேல்துண்டு இருக்கட்டும் என்று உனக்குத் தோன்றினால் இருக்கட்டும், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் வாசலிலேயே நின்றுவிடாதே.

நான் உள்ளே போனது 2022-ல். நாழிக்கிணற்றில் குளித்துவிட்டு, ஈரத்தோடு வரிசையில் நின்றேன். கை நடுங்கியது. முன்னால் நின்ற பெரியவருக்கு நெஞ்சில் பைபாஸ் தழும்பு. பக்கத்தில் ஒருவருக்கு முதுகு முழுக்கத் தேமல். பின்னாலிருந்த பையன் என் தொங்கும் கையைப் பார்த்தான், பிறகு தன் அப்பாவின் தோளில் ஏறிக் கோபுரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு டிக்கெட் போடும்போது எனக்கும் ஒன்று சேர்த்துப் போடு. உன் மதினியிடம் சொல்லிவிட்டேன். வாசலில் நான் முதலில் சட்டையைக் கழற்றுகிறேன். நீ எனக்குப் பின்னால் நின்றுகொள். பத்திரிகைத் தட்டு உன் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்
சயான் கோலிவாடா, மும்பை